மார்ச்சில் ஒரு குழந்தை, அக்டோபரில் இன்னொன்று

1765-ன் தொடக்கத்தில் வங்கத்திலிருந்து இங்கிலாந்துக்குக் கிளம்பிய ‘மெட்வே’ கப்பலில் எலிசா என்ற மூன்று வயதுக் குழந்தை இருந்தாள். அப்பா டைசோ சால் ஹான்காக், கிழக்கிந்தியக் கம்பெனியின் அறுவை மருத்துவர். அம்மா ஃபிலடெல்ஃபியா, மாப்பிள்ளை தேடி இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்து 1753-ல் நம் கடலூரில் ஹான்காக்கை மணந்தவர். பிற்காலத்தில் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற ஜேன் ஆஸ்டினுக்கு இவர் அத்தை. குழந்தையின் ஞானத்தந்தை வாரன் ஹேஸ்டிங்ஸும் அதே கப்பலில்தான் போனார். ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போய், கோடையில் இங்கிலாந்தில் இறங்கினார்கள். எலிசாவின் புது வீட்டு வாழ்க்கை லண்டனில் தொடங்கியது.

இந்தக் குடும்பத்தோடு ஓர் இந்தியப் பணிப்பெண்ணும் போனாள். அவளைக் கிளாரிண்டா என்று கூப்பிட்டார்கள். (பாளையங்கோட்டையில் 1785-ல் கோயில் கட்டிய கிளாரிண்டா வேறு, மாதவையா நாவல் எழுதியது அந்த அம்மையாரைப் பற்றி.) லண்டனில் ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸ் இந்தக் குடும்பத்தை வரைந்தபோது, குழந்தையைப் பிடித்திருக்கும் இந்தியப் பணிப்பெண்ணையும் சேர்த்தே வரைந்தார். படத்தில் இருப்பது கிளைவ் குடும்பம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். ஹான்காக் குடும்பம் என்றே இன்று கருதப்படுகிறது. படம் பெர்லினில் இருக்கிறது. கிளாரிண்டாவின் சொந்தப் பெயர் என்ன, தாய்மொழி எது என்பதெல்லாம் அதில் இல்லை.

அவள் செய்த வேலைக்கு அடுத்த 180 ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் வந்தார்கள். கடல் கடக்கும் ஆயா என்பது தனித் தொழிலாகவே ஆயிற்று. ஆங்கிலம் பேசவும் புரிந்துகொள்ளவும் தெரிந்தவர்கள் என்பதால் மதராஸ் ஆயாக்களுக்குத் தனி மவுசு.

இந்திய வெயிலில் வளரும் வெள்ளைக் குழந்தை பிழைக்காது, பிழைத்தாலும் தேறாது என்ற அச்சம் துரைமார் வீடுகளில் எப்போதும் இருந்தது. பழைய ஐரோப்பியக் கல்லறைத் தோட்டம் எதிலாவது நடந்து பார்த்தால், அந்த அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை என்பது தெரியும். எத்தனை சின்னக் கல்லறைகள்! வசதி உள்ளவர்கள் கோடைக்கு ஊட்டிக்குப் போனார்கள். இன்னும் வசதி உள்ளவர்கள் கத்திரி வெயிலுக்கு முன்பே, மார்ச், ஏப்ரலில் கப்பலேறினார்கள். வெயில் தணிந்தபின், அக்டோபர் வாக்கில், எதிர்த்திசையில் கூட்டம் கிளம்பும். ஆயாக்களின் வேலைப் பருவமும் இதை ஒட்டியே அமைந்தது. வசந்தத்தில் ஒரு குழந்தையோடு மேற்கே போனால், இலையுதிர் காலத்தில் வேறொரு குழந்தையோடு கிழக்கே வர வேண்டும். நடுவில் வருவது லண்டன் கோடை. அதை எங்கே, யார் செலவில் கழிப்பது?

முதலில் பயணத்தைச் சொல்லிவிடலாம். மதராஸில் சரியான துறைமுகம் அமையும்வரை கப்பல்கள் தள்ளித்தான் நங்கூரமிட்டன. ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலா படகில் அலையைத் தாண்டிக் கப்பலுக்குப் போக வேண்டும். பெண்களையும் குழந்தைகளையும் நாற்காலியில் உட்காரவைத்துக் கயிற்றால் ஏற்றி இறக்குவதும் உண்டு. கைக்குழந்தையோடு அதில் உட்காரப் பழக்கம் மட்டும் போதாது, நெஞ்சுரமும் வேண்டும். தென்னாப்பிரிக்க முனை வழியாகப் போன காலத்தில் பயணம் நாலு முதல் ஆறு மாதம் பிடித்தது. பிறகு எகிப்து வழி வந்தது: சூயஸில் இறங்கி, பாலைவனத்தைக் குதிரை வண்டியில் கடந்து, அலெக்சாந்திரியாவில் வேறு கப்பல். வண்டிக்குள் தத்துநடைக் குழந்தையைச் சமாளித்தவர்களில் ஆயாக்களும் உண்டு. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பயணம் மூன்று, நாலு வாரமாகச் சுருங்கியது. போக்குவரத்து பெருகியது, ஆயாக்களுக்கு வேலையும் பெருகியது.

கப்பலில் துரைசானிக்கு வாந்தியும் மயக்கமும் என்றால் குழந்தை முழுக்க ஆயாவின் பொறுப்பு. அவளுக்கும் தலை சுற்றலாம். அது கணக்கில் வராது. பலருக்குத் தனிப் படுக்கை கிடையாது. குழந்தைகள் தூங்கும் அறையின் தரையிலோ மேல்தளத்திலோ படுத்தார்கள். உப்பங்காற்றில் துணி உலர்த்துவது, ஆடும் தளத்தில் ஓடும் பிள்ளையைக் கைப்பிடிச் சுவரிடம் போகாமல் பார்த்துக்கொள்வது, தூங்கவைப்பது எல்லாம் அவள் வேலை. குழந்தைக்கும் அவளோடுதான் பேச்சு. பம்பாயில் வளர்ந்த எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங், சாப்பாட்டு அறைக்குள் அனுப்பும்போது அம்மா அப்பாவிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்று வேலைக்காரர்கள் தனக்கு நினைவூட்டியதைப் பின்னாளில் எழுதினார்.

அதே கிப்ளிங்கை 1871-ல், ஐந்து வயதில், மூன்று வயதுத் தங்கை ட்ரிக்ஸோடு இங்கிலாந்தின் சவுத்சீயில் முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தில் விட்டுவிட்டுப் பெற்றோர் இந்தியா திரும்பினார்கள். பிள்ளைகளிடம் சொல்லிக்கொள்ளவும் இல்லை. இந்தியாவில் வேலை பார்த்த ஆங்கிலக் குடும்பங்களில் இது விநோதமான காரியமல்ல. குழந்தையைப் புது வீட்டில் பழக்குவதற்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு முறை இருந்தது. எந்த முறையானாலும், ஊரிலிருந்து கூட வந்த ஆயாவுக்கு அதற்குப் பிறகு வேலை இல்லை. புது நர்ஸ் வந்துவிடுவாள். குழந்தை வீட்டோடு ஒட்டிக்கொள்ளும் வேகத்தில்தான் ஆயா வெளியேறும் நாளும் நெருங்கியது.

திரும்பும் செலவு யாருடையது என்பதுதான் இத்தொழிலின் பெரிய தகராறு. வேலைக்காரர்களை அழைத்துப் போகிறவர்கள் பிணைத்தொகை கட்ட வேண்டும் என்று கம்பெனி காலத்தில் விதி இருந்தது. பின்னால் அது தளர்ந்தது. நல்ல குடும்பம் திரும்புவதற்கான சீட்டையும் வாங்கிக் கொடுத்தது. மற்றவர்கள் கையை விரித்தார்கள். 1850-களில் கிழக்கு லண்டன் விடுதிகளில் ஆயாக்கள் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். லண்டனில் ஆசியர்களிடையே மதப் பணி செய்த ஜோசப் சால்டர் அவர்கள் நிலையைப் பற்றி எழுதினார்.

இப்படித் தவித்த ஆயாக்களுக்காகத் தோன்றியதுதான் ‘ஆயாக்கள் இல்லம்’. 1825-லேயே தொடங்கியதாகச் சொல்வார்கள். 1891-ல் ஆல்ட்கேட் பகுதியின் ஜூரி தெருவில் இருந்தது. 1900-ல் லண்டன் சிட்டி மிஷன் அதை ஏற்று ஹாக்னியில் கிங் எட்வர்ட் சாலை 26-ஆம் எண் வீட்டுக்கு மாற்றியது. சுமார் 30 அறைகள். ஆண்டுக்கு நூறு பேர் அளவில் வந்து தங்கினார்கள். ஹாங்காங், சிங்கப்பூர்ப் பக்கத்திலிருந்து வந்த, ‘ஆமா’ எனப்பட்ட சீன ஆயாக்களும் உண்டு. மதம் மாற்றும் எண்ணம் மிஷனுக்கு இருந்தது. அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. ஆனால் இல்லம் நடந்தது பிரசங்கத்தால் அல்ல, டிக்கெட்டால். குடும்பம் வாங்கித் தந்த திரும்பும் சீட்டை ஆயா இல்லத்தில் ஒப்படைப்பாள். இந்தியா போகிற, ஆயா தேவைப்படுகிற இன்னொரு குடும்பத்துக்கு இல்லம் அதை விற்கும். அந்தப் பணத்தில் அவள் தங்கும் செலவு தீரும். கையோடு வேலையும் கிடைக்கும். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. சீட்டு இல்லாமல் வந்தவளுக்குத்தான் திண்டாட்டம். 1908-ல் ஓர் ஆயாவை ஒரே ஒரு பவுண்டோடு கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்தில் விட்டுவிட்டுப் போனது ஒரு குடும்பம். பிரிட்டிஷ் அரசின் இந்தியா அலுவலகத்தில் அது விவாதமானது. குடும்பங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் மட்டும் வரவில்லை.

இந்தப் பெண்களை அனாதைகளாகவே எழுதிக்கொண்டிருப்பது எளிது. பாதிக் கதைதான் அது. 1922-ல் ஒரு லண்டன் பத்திரிகை அறிமுகப்படுத்திய திருமதி பரேரா என்ற ஆயா, இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே 54 முறை கடல் கடந்தவர். அவர் வேலை பார்த்த துரைமாரில் எத்தனை பேர் அவ்வளவு கடல் பார்த்திருப்பார்கள்? குடும்பங்களைத் தேர்ந்தெடுத்து, கூலி பேசி, பருவம் பார்த்து நடத்திய தொழில் அது.

முதல் உலகப் போரில், நீர்மூழ்கிகளுக்கு அஞ்சிப் பெண்கள் கப்பலேறுவதைக் கட்டுப்படுத்தியபோது, திரும்ப முடியாத ஆயாக்களால் இல்லம் நிரம்பியது. 1921-ல் அதே சாலையின் 4-ஆம் எண்ணுக்கு, பெரிய கட்டடத்துக்கு மாறியது. இரண்டாம் போர், இந்திய விடுதலை, விமானம் எல்லாம் அடுத்தடுத்து வர, தொழிலே போய்விட்டது. 2022-ல் 26-ஆம் எண் வீட்டில் இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் அமைப்பு நினைவுச் சின்னமாக நீலப் பலகை பதித்தது.

இந்தப் பெண்களைத் தேடுகிறவர்களுக்கு இன்று பெரிய ஆதாரம் கப்பல் பயணிகள் பட்டியல்கள். துரைசானிக்குக் குடும்பப் பெயர் இருக்கும், குழந்தைக்குக் கணக்கு இருக்கும். அதற்கடுத்து வெறுமனே ‘ஆயா’ என்று முடிந்துவிடும் வரிகளே அதிகம். பாஸ்போர்ட் முறை வந்தபிறகுதான் அந்த இடத்தில் பெயரும் ஊரும் புகைப்படமும் கிடைக்கத் தொடங்குகின்றன.