படைக்குச் சோறு சுமந்த எருதுகள்

1791 மே மாதம். திப்பு சுல்தானின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணத்தை நெருங்கிவிட்ட கிழக்கிந்தியக் கும்பினியின் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸின் படை திரும்பி நடந்தது. தீனிப் பஞ்சமும் நோயும் சேர்ந்து வண்டி மாடுகளைக் கொன்றுபோட்டன, அரிசியும் தீர்ந்தது. இழுக்க மாடில்லாத பெரும் பீரங்கிகளைத் தாங்களே உடைத்துப்போட்டார்கள்.

அடுத்த படையெடுப்பில் கும்பினி நம்பியது பஞ்சாராக்களை, அதாவது நம்மூரில் லம்பாடிகள் என்று அறியப்படுகிறவர்களை. பின்னாளில் பாராமகாலின் கலெக்டரான அலெக்சாண்டர் ரீட் அவர்களோடு பேசித் தானியத்தை வரவழைத்தார். 1792இல் படை மீண்டும் கோட்டை வாசலில் நின்றது.

இதை வெறும் கூலிச் சுமை என்று எண்ணக் கூடாது. பஞ்சாராக்கள் தங்கள் முதலைப் போட்டுத் தானியம் வாங்கினார்கள், தங்கள் எருதுகளில் ஏற்றினார்கள், பாளையத்துச் சந்தையில் விற்றார்கள். மாடு செத்தாலும் விலை சரிந்தாலும் நட்டம் பெரும்பாலும் அவர்களுடையது. படைத்தலைவர் தரவேண்டியது வழிக்காவலும், சரக்கு விலைபோகும் என்ற உறுதியும்தான். 17ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த பிரெஞ்சு வணிகர் தவெர்னியே, பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் எருதுகள் ஒன்றாகப் போவதைப் பற்றி எழுதியிருக்கிறார். பெண்டு பிள்ளைகளும் கூடவே நடந்தார்கள். அந்தத் துணிச்சலுக்குப் போர் வரலாறுகள் தரும் இடம் மிகக் குறைவு.

ரயில் வந்ததும் எருதுத் தடங்கள் ஓய்ந்தன. 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. பல பகுதிகளில் இவர்களும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள்.