சார்லட்ஸ்வில் நகரின் சரித்திரச் சின்னங்கள்

சரித்திரத்தை அறிய விழைவோர் ஏடுகளை மட்டும் நம்பியிருத்தல் போதாது. கல்லையும் மண்ணையும் நோக்குதல் வேண்டும். ஏடு தன்னை எழுதினோன் கருத்தையே கூறும். கட்டடமோ கட்டுவித்தோன் பெருமையோடு, கட்டினோன் உழைப்பையும் தன்னகத்தே அடக்கி நிற்கும். இவ்வுண்மையை நன்கு உணர்த்தும் ஊர்களுள் ஒன்று, ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியைச் சேர்ந்த வேர்ஜீனியா மாநிலத்திலுள்ள சார்லட்ஸ்வில் என்னும் பல்கலைக்கழக நகராகும்.

1762ஆம் ஆண்டிலே தோன்றிய இந்நகர், மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் பட்டத்தரசியாகிய சார்லட்டின் பெயரைத் தாங்கியது. எனினும் இதன் புகழ் அரசியால் வந்ததன்று. அரசாட்சியை மறுத்தெழுந்த தோமஸ் ஜெபர்சனால் வந்ததாகும். நகரை அடுத்துள்ள குன்றின்மீது அவர் 1769ஆம் ஆண்டில் ஓர் இல்லத்தை அமைக்கத் தொடங்கினார். இத்தாலிய மொழியிலே ‘சிறுகுன்று’ எனப் பொருள்படும் மொன்ரிசெல்லோ என்பது அதன் பெயர். நாற்பதாண்டுகள் வரை அதனை இடித்தும் திருத்தியும் கட்டினார். 1826ஆம் ஆண்டு யூலை 4ஆம் நாள், சுதந்திரப் பிரகடனத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவன்று, அவ்வில்லத்திலேயே அவர் உயிர்நீத்தார். தம் கல்லறையில் மூன்று செயல்களே பொறிக்கப்படவேண்டும் என்று அவர் விதித்திருந்தார். சுதந்திரப் பிரகடனத்தை வரைந்தமை, வேர்ஜீனியாவின் சமய சுதந்திரச் சட்டத்தை இயற்றியமை, வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தைத் தோற்றுவித்தமை என்பனவே அவை. குடியரசுத் தலைவராயிருந்தமையை அவர் அங்கே குறிப்பிடவில்லை.

அப்பல்கலைக்கழகத்தின் அடிக்கல் 1817ஆம் ஆண்டு ஒக்தோபர் 6ஆம் நாள், ஜெபர்சன், மடிசன், மொன்றோ ஆகிய மூவர் முன்னிலையிலே நாட்டப்பெற்றது. 1819இல் சட்டபூர்வமாக நிறுவப்பெற்று, 1825இல் மாணவரை ஏற்றது. நீண்ட புல்வெளியின் இருமருங்கும் ஆசிரியர் வாழ்ந்து கற்பித்த பத்து மனைகளும், இடையிடையே மாணவர் உறையும் 54 அறைகளும் நிரை நிரையாக அமைந்துள்ளன. புல்வெளியின் தலைப்பில், உரோமாபுரியின் பாந்தியன் ஆலயத்தைப் பாதியளவிற் பின்பற்றிய றொட்டண்டா என்னும் வட்ட மண்டபம் விளங்குகின்றது. அக்காலக் கல்லூரிகள் பலவற்றில் வழிபாட்டுக்கூடம் பெற்றிருந்த இடத்தை, இங்கே நூலகம் பெற்றது. 1895இல் தீக்கிரையாகிய அம்மண்டபம் மீண்டும் எடுக்கப்பட்டது. 1987இல் மொன்ரிசெல்லோவும் பல்கலைக்கழகமும் உலக மரபுரிமைத் தலமாக ஏற்கப்பெற்றன.

இதுகாறும் கூறியது சரித்திரத்தின் ஒரு பாதியே. எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டோர் என்று எழுதிய அவர், தம் வாழ்நாளில் 600க்கு மேற்பட்ட மக்களை அடிமைகளாக உடைமைகொண்டிருந்தார். மொன்ரிசெல்லோ மாளிகையின் அருகே ‘மல்பெரி நிரை’ என்னும் தொழிற்கூட வரிசை இருந்தது. அங்கே 1794ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பட்டறையில், அடிமைச் சிறுவர்கள் நாள்தோறும் ஆணி செய்தனர். ஜெபர்சன் பெருங்கடன் வைத்து இறந்தமையால், 1827ஆம் ஆண்டு சனவரியில் 130 பேர் ஏலத்துக்கு விளம்பரப்படுத்தப்பட்டனர். குடும்பங்கள் பல சிதறின. பல்கலைக்கழகத்தின் செங்கற்களும் இத்தகையோர் கைபட்டவையே. செம்மண்ணை வெட்டி, குழைத்து, சூளையிலிட்டுச் சுட்டவர்களுள் அடிமைகள் பலர்.

நெடுங்காலம் மறைந்திருந்த இச்செய்திகள் வெளிவந்த முறை, சரித்திர மாணவர் ஊன்றி நோக்கத்தக்கது. முதலாவது சான்று, அடிமைகளின் பெயர்களையும் அவர்க்களித்த உணவு, போர்வைகளின் கணக்கையும் ஜெபர்சன் தாமே எழுதிவைத்த குறிப்பேடு. இரண்டாவது, மல்பெரி நிரையில் நிகழ்ந்த அகழாய்வு. மூன்றாவது, அம்மக்களின் வழித்தோன்றல்களிடமிருந்து 1993ஆம் ஆண்டு முதலாகத் திரட்டப்பெற்ற வாய்மொழி வரலாறு. ஏடும் மண்ணும் நாவும் ஒருங்கு சேர்ந்தபோதே உண்மை முழுமை பெற்றது.

இதன் பயனாக 2020ஆம் ஆண்டில், பல்கலைக்கழகத்திலே உழைத்த அடிமைகளுக்கு ஒரு நினைவுச்சின்னம் எழுந்தது. 80 அடி விட்டமுடைய அதன் வட்டம் றொட்டண்டாவின் விட்டத்துக்கு ஒப்பானது. கருங்கல்லில் ஏறக்குறைய 4,000 கோடுகள் செதுக்கப்பட்டுள்ளன. பெயர் அறியப்பட்ட இடத்தே பெயரும், அறியப்படாத இடத்தே தொழிலோ உறவுமுறையோ பொறிக்கப்பட்டன. ஒன்றும் அறியப்படாதார்க்குக் கோடு மாத்திரமே உளது. வெறுமையான அக்கோடு பல நூல்களினும் மிகுதியாகப் பேசுகின்றது.

நகரினுள்ளும் இவ்வாறே இழப்பும் மீட்பும் கலந்துள்ளன. கறுப்பின மக்கள் வாழ்ந்து வாணிகஞ் செய்த ‘வினிகர் ஹில்’ என்னும் பகுதியை அழித்துப் புதுக்குவதற்கு 1960ஆம் ஆண்டு வாக்கெடுப்பு நிகழ்ந்தது. வாக்குவரி செலுத்த இயலாத பலர் அதிற் பங்குகொள்ளவில்லை. சில ஆண்டுகளில் அப்பகுதி தரைமட்டமாயிற்று. அதன் அயலில் 1926இல் அம்மக்களின் பிள்ளைகளுக்கெனத் திறக்கப்பெற்ற ஜெபர்சன் பாடசாலைக் கட்டடம் எஞ்சி நின்று, அவர்தம் மரபுரிமை நிலையமாகியது. 1924இல் நிறுவப்பட்ட தளபதி லீயின் சிலையோ, 2017ஆம் ஆண்டில் உயிரிழப்பு நேர்ந்த கலவரத்துக்குக் காரணமாகி, 2021இல் அகற்றப்பட்டது.

சின்னங்களைப் போற்றுதல் என்பது அவற்றின் அழகை வியத்தல் மாத்திரமன்று. அவற்றை ஆக்கியோரை மறவாதிருத்தலுமாகும். கலைக்கூடங்களிலே நிறுவியோர் திருவுருவங்கள் மதிப்போடு விளங்குகின்றன, அது தக்கதே. ஆயின் அக்கூடத்தின் சுவர்களை எழுப்பிய கைகள் யாருடையவை என்று வினவும் மாணவனே மெய்ச்சரித்திரத்தின் வாயிலை அடைந்தவனாவான்.