பார்வையாளனின் அபிப்பிராயம்

டெலிவிஷன் நாடகத்தின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் எந்தத் தொடர் எப்போது ஆரம்பித்தது, யார் எழுதினார், யார் நடித்தார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவற்றைப் பார்த்தவன் யார் என்பதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. சரியாகச் சொன்னால், அவன் யார் என்று மற்றவர்கள் முடிவுசெய்துவைத்திருந்ததன் சரித்திரம். சர்க்கார் அவனை மாணவனாக நினைத்தது. விளம்பரதாரர் வாடிக்கையாளனாக நினைத்தார். நீதிமன்றம் சராசரி மனிதன் என்று ஒருவனைச் சிருஷ்டித்தது. இந்த மூவருக்கும் நடுவே அவன் தனக்கென்று ஒரு அபிப்பிராயமும் வைத்திருந்தான். நம் விமர்சனம் அதைப் பொருட்படுத்தியதில்லை.

மாணவன்தான் மூத்தவன். 1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் டி.வி. பரீட்சார்த்தமாக ஆரம்பிக்கப்பட்டபோதே கல்விதான் அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னை நிலையம் வந்தது. அதே மாதம் முதல் தேதியிலிருந்து ஒரு வருஷம், அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் உதவியால் ஆறு மாநிலங்களில் சுமார் 2400 கிராமங்களுக்கு நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. விவசாயம், சுகாதாரம், குடும்பக் கட்டுப்பாடு. நோக்கத்தில் குறையில்லை. ஆனால் அந்த ஏற்பாட்டில் பார்வையாளன் கேட்டுக்கொள்ள வேண்டியவன். அவன் பதில் சொல்லக்கூடும் என்பதற்கு அதில் இடம் வைக்கப்படவில்லை.

1984 ஜூலை 7 அன்று தூர்தர்ஷனில் ஆரம்பித்த 'ஹம் லோக்' இந்தப் பாடசாலையின் நேர்வாரிசு. மெக்ஸிகோவில் மிகுவல் சபீதோ சமூகப் பிரசாரத்துக்காகத் தயாரித்த தொடர் நாடகங்களின் முறையை மந்திரி வசந்த் சாத்தே 1983ல் அங்கே போய்ப் பார்த்துவந்ததன் விளைவு அது. மனோஹர் ஷ்யாம் ஜோஷி எழுதினார். பி. குமார் வாசுதேவ் இயக்கினார். நல்லதற்கு ஒரு பாத்திரம், கெட்டதற்கு ஒரு பாத்திரம், இரண்டுக்கும் நடுவில் ஊசலாடித் திருந்துகிற பாத்திரம் என்பது சூத்திரம். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் தோன்றி, அன்று நடந்ததிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியதைச் சொல்வார். கதாகாலட்சேபத்தில் பாகவதர் கடைசியில் சொல்கிற நீதிக்கு இது சமானம். மாகி நூடுல்ஸ் விளம்பரமும் கூடவே வந்தது. மாணவன் வாடிக்கையாளனாகவும் ஆனது இந்தத் தொடரில்தான். ஆரம்பத்தில் வெளிப்படையாக இருந்த குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரம், வரவேற்பு போதாததால் சில வாரங்களிலேயே மட்டுப்படுத்தப்பட்டது. வாடிக்கையாளன் முகம் சுளித்தால் பாடத்தையே மாற்றிவிடலாம் என்பதை அப்போது கண்டுகொண்டார்கள்.

பதினேழு மாதங்களில் லட்சக்கணக்கான கடிதங்கள் வந்தன. பாத்திரங்களுக்கு யோசனை சொல்லியும், இன்னாரை இன்னார் கட்டிக்கொள்ளட்டும் என்று வாதாடியும் எழுதினார்கள். பிற்பாடு அரவிந்த் சிங்கால், எவரெட் ரோஜர்ஸ் ஆகிய ஆராய்ச்சியாளர்கள் அந்தக் கடிதங்களைப் படித்தார்கள். டெல்லி, பூனா, சென்னைப் பகுதிகளில் பார்வையாளர்களை விசாரிக்கவும் செய்தார்கள். அவர்கள் கண்டதில் ஒன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. குடிகாரக் கணவனிடமும் மாமியாரிடமும் எல்லாவற்றையும் பொறுத்துப்போகும் பாகவந்தி என்ற தாய்ப் பாத்திரம், பெண் எப்படி இருக்கக் கூடாது என்பதற்கு உதாரணமாகப் படைக்கப்பட்டது. பார்த்தவர்களில் பலர், பெண்கள் உட்பட, அவளைத்தான் பின்பற்றத்தக்கவளாகச் சொன்னார்கள்.

திட்டம் போட்டவர்களுக்கு இது பாடம் புரியாத மாணவர்களின் விடைத்தாள். நான் அப்படி வாசிக்கவில்லை. இந்த அபிப்பிராயத்தில் பழமைப்பற்று இருக்கிறது, சந்தேகமில்லை. கூடவே வேறொன்றும் இருக்கிறது. அந்த வீடு நாளைக் காலை வரை நிற்க வேண்டுமானால் அதை யார் தாங்குகிறார்கள் என்பது பார்க்கிற பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த உழைப்பை அறியாமை என்று பெயரிட்டு ஒதுக்கிய சூத்திரத்துக்கு அவள் சொன்ன மறுப்பு இது. மறுப்பு சரியா தவறா என்று வாதிக்கலாம். அது வாதிக்கத்தக்க அபிப்பிராயம் என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அடுத்தவன் நீதிமன்றத்தின் சராசரி மனிதன். பீஷ்ம ஸாஹ்னியின் நாவலை கோவிந்த் நிஹலானி படமாக்கிய 'தமஸ்' 1988 ஜனவரியில் ஒளிபரப்பானது. பிரிவினைக் காலக் கலவரத்தைக் காட்டுவதால் மீண்டும் பகைமையை மூட்டும் என்று பம்பாயில் வழக்குப் போட்டார்கள். தடையும் கிடைத்தது. மேல்விசாரணையில் நீதிபதிகள் லெண்டின், சுஜாதா மனோகர் இருவரும் தொடர் முழுவதையும் பார்த்தார்கள். தடை நீங்கியது. பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டும் தொடருக்கு இடையூறு செய்ய மறுத்தது. எளிதில் தடுமாறும் மனத்தைக் கொண்டு அளக்கக் கூடாது, நிதானமும் திடமும் உள்ள மனிதனைக் கொண்டே அளக்க வேண்டும் என்பது அங்கே எடுத்துக்கொள்ளப்பட்ட அளவுகோல். முன்பு நாகபுரி நீதிமன்றம் சொன்னது அது.

இத்தொடர்கள் எல்லாம் நான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்பதற்கு முன் வந்தவை. 'தமஸ்' தொடரைப் பதிவில்தான் பார்த்தேன். ஓம் புரி நடித்த நத்து, வாங்கிய பணத்துக்காக ஓர் அறைக்குள் இரவில் பன்றியைக் கொல்லப் போராடுகிறான். அது சாக மறுக்கிறது. காட்சி நீண்டுகொண்டே போகிறது. அதன் உடல் மசூதிப் படியில் கிடப்பதை அறிந்த பிறகு தன் கையை அவன் என்ன செய்வான்? கலவரம் யாரோ கெட்டவர்களின் காரியம் என்று சொல்லிக்கொண்டு போகிற சௌகரியத்தை அந்த நீளமான காட்சி எனக்குத் தரவில்லை. அது தடுக்கப்பட்டிருந்தால் நான் இழந்திருக்கக்கூடியது இதுதான்.

நான் மெச்சும் படைப்பைக் காப்பாற்றுவது சுலபம். 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப் படத்தின் வழக்கு கடினமானது. சாதியை வைத்து இடஒதுக்கீடு செய்வதை அந்தப் படம் எதிர்க்கிறது. சென்னை உயர் நீதிமன்றம் அதன் 'யு' சான்றிதழை ரத்து செய்தது. படத்தைக் காட்டினால் கலகம் வரும் என்று மாநில அரசு வாதாடியது. 1989 மார்ச் 30 அன்று சுப்ரீம் கோர்ட் சான்றிதழை மீட்டுக்கொடுத்தது. வன்முறை வரும் என்ற மிரட்டலுக்குப் பணிந்து கருத்துச் சுதந்திரத்தை விட்டுக்கொடுக்க முடியாது என்றது. அதே தீர்ப்பு, இருட்டு அரங்கில் உட்கார்ந்திருப்பவன் மனத்தை சினிமா வலுவாகப் பாதிக்கும், ஆகவே முன்தணிக்கை தேவை என்றும் சொன்னது. 1970ல் கே. ஏ. அப்பாஸ் தொடுத்த வழக்கிலும் இதுவே சொல்லப்பட்டிருந்தது. வெளிச்சத்தில் நிதானமுள்ளவன் விளக்கை அணைத்ததும் குழந்தையாகிவிடுகிறான் போலும்!

அந்தப் படத்தின் வாதத்தை நான் ஏற்கவில்லை. சாதி செய்த அநியாயத்தை வறுமையின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனால் இந்த மறுப்பு என்னுடையதாக இருப்பது, படம் எனக்குக் காட்டப்பட்டதனால்தான். பார்க்க விடாமல் என்னைக் காப்பாற்றுகிறவர் படத்தோடு என் மறுப்பையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறார்.

சிறுபத்திரிகை வட்டத்தில் இதையெல்லாம் ஏன் எழுத வேண்டும்? சர்க்காரின் மாணவனைப் போல நம் விமர்சனத்துக்கும் ஒரு பொம்மை இருக்கிறது. அதற்கு வெகுஜன ரசனை என்று பெயர். கொடுத்ததையெல்லாம் விழுங்கும், எதையும் யோசிக்காது என்று அதைப் பற்றி எழுதிவருகிறோம். வங்கியில் என் கவுண்டருக்கு முன்னால் காத்திருக்கும் பெண்கள் முந்தின இரவு பார்த்த தொடரைப் பற்றிப் பேசுவதை தினமும் கேட்கிறேன். எந்தப் பாத்திரம் பொய் சொல்கிறது, எந்த இடத்தில் கதாசிரியர் கதையை இழுக்கிறார் என்று திட்டவட்டமாகச் சொல்கிறார்கள். மோசமான தொடரை மோசம் என்று தெரிந்துகொண்டேதான் பார்க்கிறார்கள். ஏன் பார்க்கிறார்கள் என்பது நல்ல கேள்வி. அதை அவர்களிடம் கேட்டு எழுதப்பட்ட ஒரு தமிழ் விமர்சனக் கட்டுரையையும் நான் படித்ததில்லை. பாகவந்தியை ஆதரித்தவர்களை மதித்து விசாரித்த காரியத்தைச் செய்தித்தொடர்பு ஆராய்ச்சியாளர்கள் இருவர் செய்தார்கள். அது விமர்சகர்கள் செய்திருக்க வேண்டிய வேலை.