ஜூலியா (செசமி ஸ்ட்ரீட்)

அமெரிக்கச் சிறுவர் தொடரான ‘செசமி ஸ்ட்ரீட்’டில் வரும் பொம்மைப் பாத்திரம், ஆட்டிசம் உள்ள 4 வயதுச் சிறுமி. 2015இல் மின்கதைப் புத்தகத்தில் அறிமுகமாகி, 2017 ஏப்ரலில் தொலைக்காட்சிக்கு வந்தாள். அந்த முதல் நிகழ்ச்சியில், படம் வரைந்துகொண்டிருக்கும் ஜூலியா பேச்சுக்குப் பதில் சொல்லாததால், தன்னை அவளுக்குப் பிடிக்கவில்லை என்று தொடரின் மற்றொரு பொம்மைப் பாத்திரமான பிக் பேர்ட் வருந்துகிறது. பதில் சொல்ல அவளுக்குச் சற்று நேரம் வேண்டும் என்பது மெல்லப் புரியவைக்கப்படுகிறது. சைரன் ஒலி கேட்டால் காதைப் பொத்திக்கொள்வாள். மகிழ்ச்சி வந்தால் துள்ளுவாள். அந்தத் துள்ளலையே மற்றவர்கள் ஓடிப்பிடிக்கும் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டு அவளோடு விளையாடுகிறார்கள். எந்த மருத்துவ விளக்கத்தையும்விட இந்த ஆட்டமே சிறு பிள்ளைகளுக்கு ஆட்டிசத்தைத் தெளிவாகச் சொல்கிறது. ஜூலியாவை இயக்கும் கலைஞர் ஸ்டேசி கார்டனின் மகனும் ஆட்டிசம் உள்ளவர்.