உயர்தரத் தொலைக்காட்சிப் பெட்டி

உயர்தரத் தொலைக்காட்சிப் பெட்டி என்பது படத்தின் தரத்திலும் செயல்வேகத்திலும் சாதாரணப் பெட்டிகளை விஞ்சுவதும், அவற்றினும் அதிக விலைக்கு விற்கப்படுவதுமான தொலைக்காட்சிக் கருவி ஆகும். இதனைத் தெரிவு செய்வதில் திரை வகை, இடைமுக வேகம் ஆகிய இரண்டும் முதன்மையானவை. திரையை வாங்கிய பின் மாற்ற இயலாது. இடைமுகத்தின் குறையை வேறொரு கருவியால் ஈடுசெய்ய இயலும்.

திரை வகைகள்

நீர்மப் படிகத் திரை தானாக ஒளிவிடுவதில்லை. பின்னாலுள்ள விளக்குகளின் ஒளியை நீர்மப் படிகங்கள் தேவைக்கேற்ப மறைத்தும் விடுத்தும் படத்தை உருவாக்குகின்றன. ஒளியை முற்றாக மறைக்க இயலாமையால் இருண்ட காட்சிகளில் கருமை சாம்பல் நிறமாகத் தோன்றும். மினி எல்.இ.டி. வகையில் பின்விளக்கு பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுத் தனித்தனியே மங்கவைக்கப்படுவதால் இக்குறை பெருமளவு நீங்குகிறது. எனினும் வெண்ணிற எழுத்துகளைச் சுற்றி மெல்லிய ஒளிவட்டம் தெரியக்கூடும். கியூ.எல்.இ.டி. என்ற பெயரில் விற்கப்படுபவையும் பின்விளக்குக் கொண்ட நீர்மப் படிகத் திரைகளே.

ஓ.எல்.இ.டி. எனப்படும் கரிம ஒளியுமிழ் இருமுனையத் திரையில் ஒவ்வொரு படப்புள்ளியும் தானே ஒளிவிடும். அணைந்த புள்ளி முழுக் கருமையாக இருக்கும். 2007 ஆம் ஆண்டு சோனி நிறுவனம் 11 அங்குல ஓ.எல்.இ.டி. தொலைக்காட்சியைச் சப்பானில் விற்பனைக்கு விட்டது. 2013 இல் எல்.ஜி. நிறுவனத்தின் 55 அங்குலப் பெட்டிகள் வெளிவந்தன. ஒரே சின்னம் நெடுநேரம் அசையாது நின்றால் அதன் தடம் இத்திரையில் நிலைத்துவிடக்கூடும் என்பது இதன் குறைபாடாகும்.

இடைமுக வேகம்

இணையத்துடன் இணையும் தொலைக்காட்சிப் பெட்டி ஒரு கணினியை ஒத்தது. ஆண்ட்ராய்டு டிவி, வெப் ஓ.எசு, டைசன் முதலிய இயங்குதளங்கள் இவற்றில் பயன்படுகின்றன. பட்டியல்கள் திறக்கும் வேகம் செயலி, நினைவகம் ஆகியவற்றைப் பொறுத்தது; திரை வகையைப் பொறுத்ததன்று. மென்பொருள்கள் ஆண்டுதோறும் பெருக்க, வன்பொருள் மாறாதிருப்பதால், நல்ல திரையுள்ள பெட்டியும் நாளடைவில் மந்தமாகலாம்.

நிகழ்பட விளையாட்டில் விசையை அழுத்துவதற்கும் அதன் விளைவு திரையில் தோன்றுவதற்கும் இடைப்பட்ட காலம் உள்ளீட்டுத் தாமதம் எனப்படும். இது பட்டியல்களின் வேகத்தினின்றும் வேறானது. பெட்டியிலுள்ள விளையாட்டு முறையை இயக்கினால் குறையும்.

தெரிவு

இருண்ட அறையில் திரைப்படம் பார்ப்போருக்கு ஓ.எல்.இ.டி. திரை பொருத்தமானது. பகல் வெளிச்சம் மிகுந்த அறைக்கும், செய்தி அலைவரிசை நாள் முழுதும் ஓடும் இடத்துக்கும் மினி எல்.இ.டி. ஏற்றது. விற்பனைக் கூடத்தின் கடும் வெளிச்சத்தில் கருமையின் வேறுபாடு புலப்படாது என்பதால், அங்கு காணும் படத்தை மட்டும் கொண்டு முடிவு செய்தல் தவறாகலாம். இடைமுக வேகத்தையோ அங்கேயே சோதிக்கலாம்: ஒரு செயலியைத் திறந்து, முகப்புக்குத் திரும்பி, வேறொன்றைத் திறந்து பார்த்தல் போதுமானது. பின்னாளில் இடைமுகம் மந்தமானால், எச்.டி.எம்.ஐ. துளையில் ஆப்பிள் டிவி போன்ற தனிக்கருவியை இணைத்து அதே திரையைத் தொடர்ந்து பயன்படுத்தலாம்.