கடைசிப் பெயர்

எங்கள் கிழக்குத் தாம்பரத்துத் தெருக்கோடியில் இருக்கும் சிறுவன் ஒருவன் சென்ற மாதம் ஒரு சதுரங்கப் போட்டிக்குப் போய் வந்தான். எட்டுப் பேர் ஆடிய போட்டி. ஏழு ஆட்டத்தில் ஆறு தோல்வி. ஜெயித்தது ஒன்றே ஒன்று. ஆனால், யாரைக் கண்டு மற்றவர்கள் நடுங்கினார்களோ அந்தப் பையனை ஜெயித்தான்! அவன் தகப்பனாருக்கு அது காதில் ஏறவில்லை. "கடைசி இடம், ஸார்!" என்று என்னிடம் அங்கலாய்த்தார்.

நான் அவருக்கு மானுவேல் ஆரோனின் கதையைச் சொன்னேன்.

ஆரோன் 1935-இல் பர்மாவில் பிறந்து, தமிழ்நாட்டில் வளர்ந்தவர். 1961-இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனார். மறு வருஷம் ஸ்டாக்ஹோமில் இன்டர்ஸோனல் பந்தயம். உலக சாம்பியன் பட்டத்துக்குப் போகும் பாதையில் அது ஒரு பெரிய படி. ஆடியவர்கள் 23 பேர். முதலிடம் அமெரிக்காவின் பாபி ஃபிஷருக்கு. பட்டியலின் அடியில் ஆரோன்.

ஆனால் அந்தக் கடைசிப் பெயர்க்காரரிடம் ஹங்கேரியின் போர்டிஷ் தோற்றார். கிழக்கு ஜெர்மனியின் உல்மானும் தோற்றார். இருவரும் கிராண்ட் மாஸ்டர்கள். நம் நாட்டிலோ அன்று ஒரு கிராண்ட் மாஸ்டர்கூடக் கிடையாது!

ஆரோன் அத்துடன் நிற்கவில்லை. 1972-இல் சென்னையில், சோவியத் கலாசார மையத்தில், டால் சதுரங்கக் கழகத்தைத் தொடங்கினார். அங்கே ஆடப் பழகிய பிள்ளைகளில் ஒருவர் விசுவநாதன் ஆனந்த். 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்டர்.

பிறகு 2022 பிப்ரவரி. பதினாறு வயதுச் சென்னைப் பையன் பிரக்ஞானந்தா, இணையவழி விரைவு ஆட்டத்தில், அன்றைய உலக சாம்பியன் கார்ல்சனைக் கறுப்புக் காய்களுடன் 39 நகர்த்தல்களில் வென்றான். ஆடிய தொடக்கம், டாரஷ் என்ற பழைய ஜெர்மானிய டாக்டரின் பெயர் கொண்டது. நடுப்பலகையில் ஒரு சிப்பாய் துணையின்றித் தனியே நின்றாலும் பாதகமில்லை, மற்றக் காய்கள் தாராளமாக நடமாட வேண்டும் என்பது அந்த டாக்டரின் கட்சி. அதே வருஷம் ஜூலையில், நம் தாம்பரத்துக்குத் தெற்கே மாமல்லபுரத்தில், உலக ஒலிம்பியாடே வந்து கூடியது.

தகப்பனார் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஜெயித்த அந்த ஆட்டத்தைப் பையன் எழுதி வைத்திருப்பானா, ஸார்?" என்று கேட்டார்.

"கேட்டுப் பாருங்கள்" என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு வேகமாக வீட்டுக்கு நடந்தார்.