ஆறு கொண்டுபோன கொடி

துப்பாக்கி மருந்தின் புகை மூடிய போர்க்களத்தில் பக்கத்தில் நிற்பவன் யாரென்றே தெரியாது. சிதறிய சிப்பாய் தன் படையைத் தேட அண்ணாந்து கொடியைத்தான் பார்ப்பான். பிரிட்டிஷ் காலாட்படையின் பட்டாலியன் ஒவ்வொன்றும் பட்டில் தைத்த இரண்டு கொடிகளை வைத்திருந்தது. ஒன்று அரசியின் கொடி, மற்றது ரெஜிமென்ட்டின் கொடி. ஏந்திச் செல்பவர்கள் இளம் அதிகாரிகள். எதிரியின் குண்டுகளும் அவர்களைத்தான் குறிவைக்கும். கொடி பறிபோவது ஒரு படைக்குத் தீராத அவமானம்.

24ஆம் காலாட்படை அந்த அவமானத்தை ஒருமுறை பட்டிருந்தது. 1849 ஜனவரி 13 அன்று பஞ்சாபின் சிலியன்வாலாவில், சீக்கியரின் பீரங்கிகளுக்கு நேர் எதிரே முன்னேறி, செத்தவரும் காயம்பட்டவருமாக 500 பேருக்கு மேல் இழந்தது. அன்று அரசியின் கொடியும் காணாமல் போனது. முப்பது ஆண்டு கழித்து, அதே படையின் முதல் பட்டாலியன் தென்னாப்பிரிக்காவில் இன்னொரு கொடியோடு நின்றது.

1879 ஜனவரியில் பிரிட்டிஷார் ஜூலு நாட்டுக்குள் படையெடுத்தார்கள். ஜூலு மன்னர் செட்ஷ்வாயோ பிரிட்டிஷாரின் மண்ணின் மீது படையெடுத்தவர் அல்லர். 22ஆம் தேதி விடியுமுன் தளபதி செம்ஸ்ஃபோர்டு படையில் ஒரு பாதியைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். இசாண்ட்ல்வானா மலையடியில் எஞ்சிய முகாமின் மீது சுமார் 20,000 ஜூலு வீரர்கள் பாய்ந்தார்கள். கேடயத் தோலின் நிறத்தை வைத்தே அவர்கள் தங்கள் அணிகளை அடையாளம் கண்டார்கள். கொடி செய்த வேலையை அங்கே கேடயம் செய்தது.

பட்டாலியனின் ரெஜிமென்ட் கொடி பின்னால் ஹெல்ப்மேகாரில் பத்திரமாக இருந்தது. முகாமில் இருந்த அரசியின் கொடியை உறையோடு எடுத்துக்கொண்டு லெப்டினன்ட் டெய்ன்மவுத் மெல்வில் குதிரையேறினார். பாறையும் பள்ளமுமான வழி, துரத்தி வருபவர்கள், முடிவில் வெள்ளம் பெருகிய பஃபலோ ஆறு. நடு ஆற்றில் அவர் குதிரையிலிருந்து விழுந்தார். ஒரு பாறையைப் பற்றிக்கொண்டார். கொடியை நீர் இழுத்துச் சென்றது. அக்கரை சேர்ந்துவிட்ட லெப்டினன்ட் நெவில் காக்ஹில் அவருக்காகத் திரும்பி ஆற்றில் இறங்கினார். இருவரும் பிரிட்டிஷார் ஆண்ட நேட்டாலின் கரையேறி, சற்று மேலே கொல்லப்பட்டார்கள்.

காக்ஹில் திரும்பியதுதான் எனக்கு இந்தக் கதையின் உச்சம். அவர் பட்டுத்துணிக்காகத் திரும்பவில்லை, ஆபத்திலிருந்த மனிதனுக்காகத் திரும்பினார். கொடியைச் சுற்றித் திரட்ட அப்போது முகாமில் ஆள் மிச்சமில்லை. ஆப்பிரிக்க வீரர்கள் உட்பட பிரிட்டிஷ் தரப்பில் 1,300 பேருக்கு மேல் மாண்டிருந்தார்கள். தங்கள் நாட்டைக் காக்க நின்ற ஜூலுக்களில் இறந்தவர்களும் ஆயிரத்துக்குக் குறையாது. அவர்களையும் சொல்லாமல் இந்தக் கொடியின் வீரத்தைப் பாடுவது நியாயமில்லை.

பிப்ரவரி 4ஆம் தேதி தேடிப் போனவர்கள் இரு உடல்களையும் கண்டு, கற்களை அடுக்கி மூடினார்கள். பிறகு வெள்ளம் வடிந்திருந்த ஆற்றில் இறங்கினார்கள். முதலில் உறை கிடைத்தது. பிறகு கற்களுக்கிடையே கம்பு, அதில் நைந்த பட்டு. அதைக் கையில் வாங்கிய பட்டாலியனின் தளபதி கர்னல் கிளின் அழுதுவிட்டார்.

1880 ஜூலையில் ஆஸ்போர்ன் மாளிகையில் விக்டோரியா அரசி அந்தக் கொடிக்கு உலர்மலர் வளையம் ஒன்றைச் சூட்டினார். அடுத்த ஜனவரியில், தென்னாப்பிரிக்காவின் டச்சு வழிக் குடியேறிகளான போயர்களுக்கு எதிராக லேங்ஸ் நெக்கில் 58ஆம் காலாட்படை கொடியோடு போரிட்டது. பிரிட்டிஷ் ரெஜிமென்ட் ஒன்று கொடியேந்திச் சண்டைக்குப் போனது அதுவே கடைசி. தொலைவிலிருந்து குறிதவறாமல் சுடும் துப்பாக்கிகளுக்கு முன்னால் கொடி பிடித்தவன் பலியாவதைத் தவிர வேறு பலனில்லை. 1882க்குப் பின் கொடிகள் பாசறையிலேயே தங்கின.

மெல்வில், காக்ஹில் இருவருக்கும் விக்டோரியா கிராஸ் 1907இல்தான் கிடைத்தது. அவர்கள் மாண்ட காலத்தில், இறந்தவருக்கு அதைத் தரும் வழக்கம் இல்லை. கொடி மட்டும் 1930கள் வரை பணியில் இருந்து, வேல்ஸின் பிரெக்கன் பேராலயத்துக்குப் போனது. அரசியின் மலர்வளையத்தை வெள்ளியில் வார்த்து, அந்தப் படையின் வழிவந்த ராயல் வெல்ஷ் ரெஜிமென்ட் தன் கொடிக்கம்பில் சூடி வருகிறது.